கோவையில் மினி கோல்ஃப்: இடத்தை வாடகைக்கு எடுக்கும் முன் ஆள் வருமா என்று பார்ப்பது எப்படி?

கையில் அரை ஏக்கர் இடம் இருக்கிறது, அல்லது சரவணம்பட்டி, வடவள்ளிப் பக்கம் ஒருவர் லீஸுக்குத் தருகிறேன் என்கிறார். டர்ஃப் (செயற்கைப் புல் விளையாட்டு மைதானம்) போடலாம் என்றால் அதே சாலையில் ஏற்கெனவே நாலைந்து டர்ஃப் ஓடிக்கொண்டிருக்கின்றன. வித்தியாசமாக ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கும்போது மினி கோல்ஃப் கண்ணில் படும்: சின்னச் சின்னப் பாதைகளில் பந்தை மட்டையால் தட்டிக் குழியில் விழவைக்கும் விளையாட்டு. ஒவ்வொரு பாதையையும் 'குழி' என்றே சொல்வார்கள். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டால் காற்றாலை வைத்த குழி, பாலம் வைத்த குழி என்று அழகழகான படங்களுடன் ஒரு கொட்டேஷன் தருவார். புல் எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பதுவரை அதில் இருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே வந்து ஆடப்போவது யார் என்பது மட்டும் இருக்காது.

அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. இரண்டு மாதம் ஒதுக்கினால் போதும், பெரிய செலவும் இல்லை. புதிதாக இறங்குகிறவர்களுக்காக, கோவையையே உதாரணமாக வைத்து ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். வேறு ஊராக இருந்தால் இடப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை வருபவரைத் தேடுங்கள்

புதிதாக எது திறந்தாலும் நம் ஊரில் முதல் இரண்டு மாதம் கூட்டம் வரும். ஆள் வந்து, படம் எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத் தேவை என்று நினைத்துக் கடன் வாங்கினால் ஏழாவது மாதம் சம்பளம் கொடுக்கத் திணற வேண்டியிருக்கும். ஒரு குடும்பம் மூன்று மாதம் கழித்து மறுபடி வருமா என்பதுதான் கேள்வி.

இந்தத் தொழிலின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1927-இல் அமெரிக்காவின் டென்னஸி, ஜார்ஜியா மாநில எல்லையில் உள்ள லுக்கவுட் மலையில் இருந்த தன் விடுதி விருந்தினர்களுக்காக கார்னெட் கார்ட்டர் என்பவர் ஒரு சிறிய கோல்ஃப் தளம் அமைத்தார். அது பிடித்துப்போய், 'டாம் தம்ப் கோல்ஃப்' என்ற பெயரில் நாடெங்கும் விற்கப்பட்டது. 1930 கோடையில் அமெரிக்காவில் 25 ஆயிரம் அளவில் மினி கோல்ஃப் தளங்கள் இருந்ததாக அன்றைய மதிப்பீடு. காலி மனை, கட்டட மொட்டை மாடி என்று எங்கும் போட்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவற்றில் பெரும்பகுதி மூடப்பட்டுவிட்டது. பொருளாதார மந்தம் ஒரு காரணம். ஆனால் முதல் கோடையின் கூட்டத்தை நிரந்தரத் தேவை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் ஒன்று இருக்கும்போதே இன்னொன்று திறந்ததும் முக்கியமான காரணம். நம் ஊர் டர்ஃப் மைதானங்கள் பெருகிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

முதலில் தேவைப்படும் தலைகளின் எண்ணிக்கை

சந்தையைப் பார்க்கப் புறப்படும் முன், எத்தனை பேர் வந்தால் கட்டுப்படியாகும் என்பது கையில் இருக்க வேண்டும். அது தெரியாமல் 'நல்ல கூட்டம்', 'சுமாரான கூட்டம்' என்ற சொற்களுக்கு அர்த்தமே இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். இவை உதாரணத்துக்கான தொகைகள். உங்கள் இடத்தின் உண்மையான தொகைகளைப் போட்டுக்கொள்ளுங்கள். வாடகை மாதம் ஒன்றரை லட்சம். ஐந்து ஊழியர்கள், தலைக்கு 16 ஆயிரம் என்றால் 80 ஆயிரம். மின்சாரம் 30 ஆயிரம். பராமரிப்பு, விளம்பரம் தலா 20 ஆயிரம். மொத்தம் மூன்று லட்சம். தளம் அமைக்க 40 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 89 ஆயிரம். ஆக மாதம் 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வந்தாக வேண்டும், உங்களுக்கென்று ஒரு ரூபாய் எடுக்கும் முன்பே.

டிக்கெட் 250 ரூபாய் வைத்து, ஜிஎஸ்டியும் மற்ற கழிவுகளும் போகக் கையில் 200 நிற்கிறது என்று வையுங்கள். (வரி விகிதத்தையும், உள்ளாட்சிக் கேளிக்கை வரி பொருந்துமா என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிக்கெட் விலை அதைப் பொறுத்தே மாறும்.) அப்படியானால் மாதம் 1,950 பேர் ஆட வேண்டும்.

ஒரு நாளைக்கு 65 பேர்தானே என்று தோன்றும். அந்தச் சராசரி ஏமாற்றும். இந்த மாதிரி இடங்களுக்குப் பாதிக்கு மேல் வரவு சனி, ஞாயிறில்தான். 60 சதவீதம் என்று வைத்தால், மாதத்தின் எட்டு வார இறுதி நாட்களில் நாளுக்கு 146 பேர், மீதி 22 நாட்களில் நாளுக்கு 35 பேர். இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். இனிமேல் செய்யப்போவதெல்லாம் இந்த எண்கள் நடக்குமா என்று சோதிப்பதுதான்.

இடம் கொள்ளுமா என்ற கவலை அநேகமாகத் தேவையில்லை. நான்கு பேர் கொண்ட குழு ஒரு குழிக்கு மூன்று நிமிடம் எடுத்தால், முழுத் தளத்தின் 18 குழிக்கு 54 நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு குழுவை உள்ளே விடலாம். மணிக்கு 80 பேர். குழந்தைகள் இழுத்தடிப்பதையெல்லாம் சேர்த்துப் பாதியாகக் குறைத்தாலும் 40 பேர். ஞாயிறு மாலை ஆறு முதல் ஒன்பது வரை வேண்டுமானால் வரிசை நிற்கும். மற்ற நேரத்தில் உங்கள் பிரச்சினை காலியாகக் கிடக்கும் குழிகளாகத்தான் இருக்கும்.

இப்போது இன்னொரு படி. மாதம் 1,950 என்றால் வருடத்துக்கு 23,400 வருகை. ஒருவர் சராசரியாக வருடத்துக்கு இரண்டு முறை வருகிறார் என்றால் 11,700 வெவ்வேறு மனிதர்கள் வேண்டும். வந்துபோகும் தூரத்தில் நான்கு லட்சம் பேர் வாழ்ந்தால், நூற்றுக்கு மூன்று பேர். சுலபமாகத் தெரிகிறது. ஆனால் அந்த நான்கு லட்சத்தில் இப்படிச் செலவு செய்யக்கூடிய, வெளியே போகும் பழக்கமுள்ள குடும்பத்தார் கால்வாசிதான் என்றால், நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். இது சின்ன விஷயமில்லை. மறுபடி வருவது ஒன்றரை முறையாகக் குறைந்தால் நூற்றுக்கு 16 பேர் தேவைப்படும். மறுவருகையை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான்.

எவ்வளவு தூரத்திலிருந்து வருவார்கள்?

வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் வட்டம் போடாதீர்கள். சனிக்கிழமை மாலை ஆறரைக்கு உங்கள் இடத்திலிருந்து நான்கு திசையிலும் காரில் போய், 20 நிமிடத்தில் எதுவரை போக முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சத்தி சாலையில் கணபதி நெரிசலைத் தாண்டி ஒரு மணி நேர விளையாட்டுக்காகக் குழந்தைகளோடு வருவார்களா என்பது அப்போது தெரிந்துவிடும். வட்டம் போட்டால் உள்ளே இருந்திருக்கும் பகுதிகள் பல, இந்தக் கணக்கில் வெளியே போய்விடும்.

அந்த எல்லைக்குள் எத்தனை பேர் என்பதற்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டுவாரி அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கார், இருசக்கர வாகனம் வைத்திருக்கும் வீடுகளின் விவரமும் அதில் உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அட்டவணையில் கோவை மாநகராட்சி என்பது பழைய எல்லை, சுமார் பத்தரை லட்சம் பேர். சரவணம்பட்டி, வடவள்ளி, குனியமுத்தூர், குறிச்சி, கவுண்டம்பாளையம் எல்லாம் தனித்தனிப் பேரூராட்சி, நகராட்சிகளாக இருக்கும். அந்தப் பெயர்களிலேயே தேடுங்கள்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனதால் அந்த எண்கள் பழசு. சரவணம்பட்டி மாதிரி ஐடி வேலையால் வளர்ந்த பகுதிக்கு அவை போதாது. தமிழ்நாடு ரெரா (கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஆணையம்) தளத்தில் உங்கள் எல்லைக்குள் பதிவான அடுக்குமாடித் திட்டங்களையும் அவற்றின் வீட்டு எண்ணிக்கையையும் பார்த்து எழுதுங்கள். கல்வித் துறையின் யூடைஸ் தளத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை மாணவர்கள் என்று பார்க்கலாம். கட்டணம் அதிகமுள்ள தனியார் பள்ளிகளின் எண்ணிக்கையைத் தனியாக எடுங்கள். உங்கள் டிக்கெட்டை வாங்கக்கூடிய குழந்தைகள் பெரும்பாலும் அங்கேதான் படிக்கிறார்கள்.

மற்றவர்கள் இடத்தில் போய் எண்ணுங்கள்

அடுத்து, மக்கள் இப்போது மாலை நேரத்தையும் பணத்தையும் எங்கே செலவழிக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும். பக்கத்து டர்ஃப், புரோஸோன், ப்ரூக்ஃபீல்ட்ஸ் போன்ற மால்களின் கேம் ஸோன், டிராம்போலின் பூங்கா, ரேஸ் கோர்ஸ் நடைபாதை, குடும்பங்கள் கூடும் பெரிய உணவகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வார நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு என மாலை ஐந்து முதல் பத்து வரை உட்காருங்கள். அரை மணிக்கு ஒரு முறை எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.

தலை எண்ணிக்கை மட்டும் போதாது. யாரோடு யார் வருகிறார்கள்? பாட்டி தாத்தா வருகிறார்களா? பணம் கொடுப்பது யார்? ஆடி முடித்ததும் நேரே வீட்டுக்குப் போகிறார்களா, சாப்பிடப் போகிறார்களா? நம் குடும்பங்கள் வெளியே கிளம்பினால் சாப்பாடு இல்லாமல் திரும்புவது அபூர்வம். உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் நல்ல உணவகம் இருந்தால் அது உங்களுக்கு ஆள் அனுப்பும். இல்லையென்றால் உள்ளேயே தின்பதற்கு ஏதாவது வைத்தாக வேண்டும், அதன் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டர்ஃப் நிரம்பி வழிகிறது என்பதால் மினி கோல்ஃபும் ஓடும் என்று முடிவு கட்டாதீர்கள். டர்ஃபுக்கு வருவது பெரும்பாலும் இளைஞர் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வதால் தலைக்கு 100, 150 ரூபாயில் ஒரு மணி நேரம் வியர்க்க விளையாடிவிட்டுப் போகிறார்கள், அதே அணி ஒவ்வொரு வாரமும் வருகிறது. மினி கோல்ஃபுக்கு வரக்கூடியவர்கள் வேறு: ஆறு முதல் பதினாலு வயதுக் குழந்தை உள்ள குடும்பம், கல்லூரி நண்பர் குழு, இளம் ஜோடிகள், அலுவலக டீம் அவுட்டிங், பிறந்தநாள் கொண்டாட்டம். ஓடத் தேவையில்லாததால் புடவை கட்டிய அம்மாவும் எழுபது வயதுத் தாத்தாவும் சேர்ந்து ஆடலாம். எனக்கு இந்த விளையாட்டின் மேல் நம்பிக்கை வருவதே இதனால்தான். மூன்று தலைமுறையும் ஒன்றாக விளையாடக்கூடிய இடங்கள் நம் ஊர்களில் மிகக் குறைவு.

கூகுள் மேப்ஸில் அந்தந்த இடத்துக்கு எந்த நேரம் கூட்டம் என்று காட்டும் பட்டைகளைப் பாருங்கள். ரிவ்யூக்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள். திறந்த முதல் மூன்று மாதத்தில் நூறு ரிவ்யூ, பிறகு மாதம் இரண்டு என்று இறங்கியிருந்தால் அந்த இடத்தின் கதை அதில் இருக்கிறது. டர்ஃப் புக்கிங் செயலிகளில் அடுத்த ஒரு வாரத்துக்கு எந்த ஸ்லாட் காலி என்பதும் வெளிப்படையாகத் தெரியும். மூடிப்போன பொழுதுபோக்கு இடங்கள் உங்கள் எல்லைக்குள் இருந்தால் அந்த உரிமையாளரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். ஓடுகிற கடைக்காரர் சொல்லாததை அவர் சொல்வார்.

கேட்க வேண்டிய கேள்வி, கேட்கக் கூடாத கேள்வி

"இங்கே மினி கோல்ஃப் வந்தால் வருவீர்களா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே யாரும் வரமாட்டேன் என்று சொல்வதில்லை. "நல்லா இருக்கும் சார், கண்டிப்பா வர்றோம்" என்பார்கள். சொந்தக்காரர்களும் நண்பர்களும் இன்னும் மோசம், உங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைப்பார்கள்.

நடந்து முடிந்ததைக் கேளுங்கள். போன மாதம் குடும்பத்தோடு எங்கெங்கே போனீர்கள்? எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள்? மொத்தம் எவ்வளவு ஆயிற்று? அங்கே போகலாம் என்று முதலில் சொன்னது யார்? கடைசியாக ஒரே இடத்துக்கு இரண்டாம் முறை போனது எங்கே, ஏன்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்கள்தான் தங்கம். 'பையன் நச்சரித்தான்', 'பார்க்கிங் இருந்தது', 'பக்கத்திலேயே சாப்பிடலாம்' என்று வரும் காரணங்களை அப்படியே அவர்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல இடம், நீச்சல், ஸ்கேட்டிங், பரதம் வகுப்புகளின் வாசல். பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் சும்மா காத்திருக்கும் பெற்றோர் பொறுமையாகப் பேசுவார்கள். நீங்கள் தேடும் குடும்பமும் அதுதான். அடுக்குமாடிச் சங்கச் செயலாளர்கள், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், ஐடி நிறுவனங்களின் மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் ஆகியோரையும் பாருங்கள். போன வருடம் எத்தனை முறை ஊழியர்களை வெளியே அழைத்துப் போனார்கள், தலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். வார நாளின் 35 பேரை நிரப்பப்போவது இவர்கள் அனுப்பும் குழுக்கள்தான்.

மூன்று குழி வைத்து ஒரு சோதனை

என்னைக் கேட்டால், இதைச் செய்யாமல் யாரும் இந்தத் தொழிலில் காசு போடக்கூடாது.

தச்சரிடம் சொல்லி, பத்தடி நீளம் மூன்றடி அகலத்தில் பிளைவுட் பலகை மேல் செயற்கைப் புல் ஒட்டிய மூன்று பாதைகள் செய்யுங்கள். ஒன்று நேராக, ஒன்று மேடு வைத்து, ஒன்று வளைந்து. இரண்டாகக் கழற்றி ஒரு டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றிப் போகிற மாதிரி இருக்கட்டும். பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் தனித்தனி நீளத்தில் மட்டை வாங்குங்கள். சிறுவர் மட்டை இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு ஆட்டம் பிடிக்கவில்லையா, மட்டை கனமாக இருந்ததா என்பதே தெரியாமல் போய்விடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, கல்லூரிக் கலைவிழா, கோயம்புத்தூர் விழா சமயத்தின் நிகழ்ச்சிகள், ஞாயிறு சந்தை, அனுமதி தரும் உணவகத்தின் பார்க்கிங் ஆகிய இடங்களில் இதை வையுங்கள். கண்டிப்பாகக் காசு வாங்குங்கள். இலவசம் என்றால் எல்லோரும் ஆடுவார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 18 குழிக்கு 250 ரூபாய் நினைத்திருந்தால் மூன்று குழிக்கு 40 ரூபாய் கிட்டத்தட்ட அதே விகிதம். ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 60 வைத்துப் பார்த்தால் விலை எங்கே உறுத்துகிறது என்பதும் தெரியும்.

ஒருவரை எண்ணுவதற்கென்றே உட்கார வையுங்கள். கடந்து போனவர் எத்தனை பேர், நின்று பார்த்தவர் எத்தனை பேர், காசு கொடுத்தவர் எத்தனை பேர், உடனே இன்னொரு ஆட்டம் கேட்டவர் எத்தனை பேர் என்று நான்கு கோடுகள் போதும். ஆடியவர்களிடம் சம்மதம் கேட்டு வாட்ஸ்அப் எண் வாங்குங்கள்.

முக்கியமான பகுதி இதற்குப் பிறகுதான். மூன்று வாரம் கழித்து, நீங்கள் தளம் அமைக்க நினைக்கும் இடத்திலோ அதன் அருகிலோ அதே பாதைகளை, வளைவுகளை மட்டும் மாற்றி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள். தள்ளுபடி, பரிசு எதுவும் சொல்லாதீர்கள். விழாவுக்கு வந்த இடத்தில் ஆடியவர், இப்போது இதற்காகவே வண்டி எடுத்து வருகிறாரா? நூறு பேருக்கு அனுப்பிப் பத்துப் பேராவது வந்தால் அந்தப் பகுதியில் தொடர்ந்து யோசிக்கலாம் என்பது என் அளவுகோல். இரண்டு மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால், விழாவில் இருந்த கூட்டம் விழாவுக்கான கூட்டம். இதையே வேறு பகுதியில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முன்பதிவு பாஸ் விற்றுப் பார்க்கவும் ஆசை வரலாம். விற்றால், திறக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்து, அந்தப் பணத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள்.

காலண்டரையும் வானத்தையும் சேருங்கள்

பன்னிரண்டு மாதமும் ஒன்றுபோல் இருக்காது. மார்ச்சில் பொதுத்தேர்வு, பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை உள்ள வீடு எங்கும் நகராது. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்க உச்ச காலம், ஆனால் ஊரில் பாதிப் பேர் வெளியூர் போயிருப்பார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் குடும்பத்தின் நேரமும் பணமும் ஜவுளிக்கடையில். முகூர்த்த ஞாயிறுகளையும் பஞ்சாங்கம் பார்த்துக் குறியுங்கள். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளித் தளம் என்றால் அந்த மாதங்களில் சில மாலைகள் முழுதாகப் போய்விடும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருப்பதால் கோடை மாலைகள் பரவாயில்லை, பகல் 11 முதல் 4 வரை வெளியே ஆட ஆள் வரமாட்டார்கள். ஆக உங்கள் உண்மையான வியாபார நேரம் மாலை ஐந்து முதல் பத்து. அந்த நேரத்தில் விளக்கு போட்டு நடத்த அக்கம்பக்கத்தார் ஒப்புவார்களா, மாநகராட்சி எந்த நேரம்வரை அனுமதிக்கும் என்பதை இப்போதே விசாரியுங்கள். பத்து மணி ஒன்பதானால் கணக்கு மொத்தமாக மாறிவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் என்றால்

மலை ஊரில் மறுவருகை தேவையில்லை, ஒவ்வொரு வாரமும் புது ஆள். அங்கே எண்ண வேண்டியது சுற்றுலாப் பயணிகளின் மிச்ச நேரத்தை: படகு இல்லம், பூங்கா எல்லாம் பார்த்து முடித்தபின் மாலை ஐந்து மணிக்கு என்ன செய்கிறார்கள்? இருட்டியதும் குளிருக்கு அறைக்குள் போய்விடுகிறார்களா? இன்னொன்று, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் இரண்டு இடத்துக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். அதாவது உச்ச சீசனின் கூட்டத்துக்கு மேல்வரம்பு உண்டு. மேட்டுப்பாளையம் சாலையில் இடம் வைத்துக்கொண்டு 'ஊட்டி போகிறவர்கள் எல்லாம் நிற்பார்கள்' என்று கணக்குப் போடாதீர்கள். அவர்கள் அவசரம் மலை ஏறுவதில்.

எண்களைச் சேர்த்து வைத்து முடிவெடுப்பது

இப்போது சுவரில் ஒட்டிய தாளுக்கு வாருங்கள். வார இறுதிக்கு 146, வார நாளுக்கு 35. உங்கள் எல்லைக்குள் இருக்கும் ஆட்கள், பக்கத்து இடங்களில் எண்ணிய கூட்டம், சோதனையில் திரும்பி வந்தவர்களின் விகிதம் ஆகியவற்றை வைத்து ஓர் உத்தேச எண் போடுங்கள். அதைப் பாதியாக்குங்கள். பாதியிலும் தேவையான எண்ணுக்குக் கிட்டே வந்தால் இறங்கலாம். வார இறுதி மட்டும் நிரம்பி வார நாள் காலி என்றால், உணவகத்தோடோ டர்ஃபோடோ இடத்தைப் பங்கு போட்டு வாடகையைக் குறைக்க வழி பாருங்கள். எதுவும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். செலவானது இரண்டு மாதமும் மூன்று பலகையும்தான்.

நடுவில் எங்கோ நிற்கிறது, மனசும் விடவில்லை என்றால் ஒன்பது குழியோடு தொடங்குங்கள். போட்டிகளுக்கான மினி கோல்ஃபில் 6.25 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலத்தில் ஆயத்தப் பாதைகள் உண்டு. அந்த மாதிரி கழற்றி எடுக்கக்கூடியதாகச் செய்தால் கான்கிரீட்டில் பணம் புதையாது. லீஸ் பேசும்போது, கட்டாயமாக இருக்க வேண்டிய காலத்தை ஒரு வருடத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழற்றி எடுத்துப்போகும் உரிமை உங்களுக்கு என்பதையும், பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்கும் முன் உங்களிடம் கேட்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.